சுட்டுட்டு ஓடும் 'வஜ்ரா' பீரங்கி: பாலைவனத்துக்கு வாங்கியது லடாக் போனது ஏன்?

இந்திய ராணுவத்தின் கே-9 வஜ்ரா பீரங்கியை பார்த்தால் டாங்கி மாதிரியே இருக்கும். ஆனால் டாங்கி இல்லை. டாங்கி எதிரியை நேருக்கு நேர் பார்த்து சுடும். இது சுமார் 40 கி.மீ. தள்ளி, கண்ணுக்கே தெரியாத இலக்கை அடிக்கும். லாரி கட்டி இழுக்க வேண்டாம், தானே ஓடும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

நின்றால் ஆபத்து

பீரங்கி சுட்டதும், குண்டு வந்த பாதையை வைத்து அது நிற்கும் இடத்தை எதிரியின் ரேடார் கண்டுபிடித்துவிடும். சில நிமிடங்களில் பதிலடி வரும். இழுத்து செல்லும் பீரங்கியை அதற்குள் கட்டி கிளப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. 47 டன் எடையுள்ள வஜ்ரா, 15 வினாடியில் 3 குண்டுகளை போட்டுவிட்டு இடத்தை காலி செய்துவிடும். உள்ளே இருக்கும் 5 வீரர்களுக்கு இரும்பு கவசமும் உண்டு.

தீவில் நடந்த சண்டை

இதன் தாய்வீடு தென்கொரியா. அங்கு 1999-ல் ராணுவத்தில் சேர்ந்தது. 2010 நவம்பர் 23-ந்தேதி யோன்பியோங் தீவு மீது வடகொரியா குண்டுமழை பொழிந்தது. வீரர்கள் 2 பேரும், பொதுமக்கள் 2 பேரும் பலியானார்கள். தீவில் 6 கே-9 பீரங்கிகள் இருந்தும் முதலில் 3 மட்டுமே திருப்பி சுட்டன. ஒன்றில் பயிற்சியின்போது குண்டு சிக்கிக்கொண்டது. இரண்டு, எதிரி தாக்குதலில் பழுதாகின. மொத்தம் 80 குண்டுகள் திருப்பி வீசப்பட்டன. ஒரே இடத்தில் நின்றால் எந்த பீரங்கிக்கும் அடி விழும் என்பதே அன்று கிடைத்த பாடம்.

லடாக் பயணம்

2017-ல் 100 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. குஜராத் மாநிலம் ஹசிராவில் எல் அண்டு டி நிறுவனம் தயாரித்து, 2021 பிப்ரவரியில் 100-வது பீரங்கியை கொடுத்தது. ராஜஸ்தான் பாலைவனம் போன்ற சமவெளிகளுக்காக வாங்கப்பட்டவை இவை. ஆனால் 2020 ஜூனில் கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் பலியானதும் நிலைமை மாறியது. 2021-ல் வஜ்ரா லடாக் மலைக்கு ஏறியது. அங்கு நன்றாக வேலை செய்ததால், 2024 டிசம்பரில் மேலும் 100 பீரங்கிகளுக்கு சுமார் ரூ.7,629 கோடியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

டிரோன் தலைவலி

2022-ல் தொடங்கிய உக்ரைன் போர் புது கவலையை கொடுத்துள்ளது. வானில் வட்டமிடும் டிரோன், ஓடும் பீரங்கியையும் விடாமல் துரத்தி அடிக்கிறது. ஆபத்தில் சிக்கும் ஆட்களை குறைக்க தென்கொரியா வடிவமைத்த கே-9 ஏ-2 ரகத்தில் குண்டை எந்திரமே நிரப்பும். 5 பேருக்கு பதில் 3 பேர் போதும்.

இனிமேல் சுட்டுட்டு ஓடினால் மட்டும் பத்தாது. தலைக்கு மேலேயும் ஒரு கண் வைக்கணும்.