ஆற்றுச் சேறெல்லாம் வண்டல் ஆகாது!

“ஆற்றில் தூர்வாரிய மண் கரையில் கிடக்கிறது. அள்ளி வந்து வயலில் போடலாமா?” மேட்டூர் திறப்புக்கு முன்பு, கோடையில் காரைக்கால் பக்கம் தவறாமல் வரும் கேள்வி இது. மண்ணை எந்த இடத்தில் அள்ளினார்கள் என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும்.

ஏரி, குளம், மேல்மடை வாய்க்கால் வண்டல் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் அரசலாறு போல, ஊரை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கும் ஆற்றின் கடைசிப் பகுதியில், உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் இடத்துச் சேறு வேறு ரகம்.

சேற்றில் என்ன சேருகிறது?

நகரத்துச் சாக்கடை, பட்டறைக் கழிவு, பழைய பேட்டரி, பெயின்ட் ஆகியவற்றிலிருந்து ஈயம், காட்மியம், குரோமியம், செம்பு போன்ற உலோகங்கள் ஆற்றுக்கு வருகின்றன. இவை களிமண் துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் மிதந்து வரும் களி, உப்புத்தண்ணீரைத் தொட்டதும் திரண்டு அடியில் படியும். அதனால் மேலே தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அடியில் உலோகம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். சென்னைக் கூவம், அடையாறு, கடலூர் உப்பனாறு படிவுகளில் ஆய்வாளர்கள் இதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். நம் ஆறும் அந்த அளவுக்குக் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் போடாதீர்கள் என்கிறேன்.

கரையேறினால் ஆபத்து ஏன்?

அழுகிய முட்டை வாடை அடிக்கும் கருஞ்சேற்றில், காற்றுப் படாதவரை உலோகங்கள் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும். கரையில் கொட்டிக் காயவிட்டால் காற்றுப் பட்டுக் கந்தகம் அமிலமாக மாறும். அப்போது காட்மியமும் துத்தநாகமும் கரைந்து வேர் உறிஞ்சும் நிலைக்கு வரும். சேற்றிலுள்ள உப்பும் காட்மியத்தை இளக்கிவிடும்.

பயிர் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும், பாதிப்பு உண்பவருக்கு. ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவு கலந்த தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு முறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ‘வலிக்குது, வலிக்குது’ என்ற பொருளில் ‘இத்தாய் இத்தாய்’ என்றே அந்த நோய்க்குப் பெயர். காட்மியம்தான் காரணம் என்று 1968இல் ஜப்பான் அரசு ஏற்றது. தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் கூடாது என்பது இன்றைய சர்வதேச அளவு. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

செய்ய வேண்டியவை

* சேறு எங்கே அள்ளப்பட்டது என்று முதலில் கேளுங்கள். முகத்துவாரம், சாக்கடை கலக்கும் இடம், படகுத்துறை என்றால் வேண்டாம்.

* குவியலில் ஐந்தாறு இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்துங்கள். இரும்புக் கரண்டி வேண்டாம். மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் கரண்டி போதும்.

* மண்வள அட்டையில் உள்ள 12 அளவுகளில் ஈயமும் காட்மியமும் இல்லை. கார அமில நிலை, உப்பு அளவுடன் கன உலோகச் சோதனையும் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். எங்கே செய்யலாம் என்பதை மதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

* நகரக் குப்பை உரம் வாங்கினாலும் சோதனை அறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்குக் காட்மியம் 5, ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா?

அந்த இடத்தில் கீரை, முள்ளங்கி, மாட்டுத்தீவனம் வேண்டாம். பருத்தி, சவுக்கு போடலாம். நெல் என்றால் கதிர் வரும் பருவத்தில் வயலைக் காயவிடாதீர்கள். தண்ணீர் நின்றால் காட்மியம் ஏறுவது குறையும். மண் புளித்திருந்தால் பரிந்துரைப்படி சுண்ணாம்பு இடுங்கள். துத்தநாகக் குறைபாடு இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுங்கள். அது காட்மியத்தோடு போட்டி போட்டு அதை ஓரளவு தடுக்கும்.

வயலில் கலந்த உலோகத்தைப் பிறகு எளிதில் பிரித்தெடுக்க முடியாது. ஒரு டிராக்டர் மண் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். சோதனை முடிவு வரும்வரை குவியல் கரையிலேயே கிடக்கட்டும்.