விதியை ஏய்த்த கூபே

நடுத்தர கார்களில் 330 கன அங்குலத்துக்கு (சுமார் 5,400 சிசி) மேல் இன்ஜின் கூடாது. இது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் போட்டிருந்த தடை. அதன் பான்டியாக் பிரிவின் தலைமை இன்ஜினியர் ஜான் டெலோரியனும் சகாக்களும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 1964 லெமான்ஸ் காரின் கூடுதல் வசதிப் பட்டியலில் ஜிடிஓ என்று ஒரு வரி சேர்ந்தது: 389 கன அங்குலம், 325 குதிரைத்திறன். ஜன்னல்களுக்கிடையே தூண் உள்ள கூபே, தூணில்லாத ஹார்ட்டாப், கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள் என மூன்று வடிவங்கள். முதல் ஆண்டு விற்பனை 32,450. 1966இல் ஜிடிஓ தனி மாடலானது.

அன்றைய சாமர்த்தியம் இன்று தலைவலி. 1964, 1965 கார்களின் அடையாள எண் லெமான்ஸ் என்றுதான் சொல்லும். சாதாரண லெமான்ஸில் ஜிடிஓ சின்னத்தை ஒட்டி விற்பவர்களுக்கு இது வசதி. வாங்குபவர் முதலில் திறக்க வேண்டியது பானட்டை அல்ல. தொழிற்சாலையின் பழைய பில்லை.