அப்டேட்டுக்குப் பின் வைஃபை வரவில்லையா? சந்தேகங்களும் விளக்கங்களும்

உபுண்டு 22.04 வைத்திருக்கும் பலர் 2024 தொடக்கத்தில் பட்ட அவதி இது: கர்னல் 6.5 வந்து இறங்கியது, கணினியை மறுபடி போட்டதும் வைஃபையைக் காணோம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கு இங்கே விளக்கம்.

நேற்றுவரை எரிந்த யூஎஸ்பி வைஃபை அடாப்டரின் விளக்கு இன்று எரியவில்லை. அடாப்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. சில ரியல்டெக் அடாப்டர்களின் டிரைவர் கர்னலோடு வராது. நாம் தனியாகச் சேர்த்திருப்போம். கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த டிரைவரைப் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும். அது நடக்காவிட்டால் அடாப்டர் ஊமையாகிவிடும். கணினி எழும்போது எஸ்கேப் கீயைத் தட்டி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். விளக்கு எரிந்தால் அடாப்டர் நன்றாகவே இருக்கிறது.

கம்பைல் ஏன் நடக்கவில்லை?

அந்த 6.5 கர்னலைக் கட்டியது ஜிசிசி 12 என்ற கம்பைலர். உபுண்டு 22.04-இல் வழக்கமாக இருப்பதோ ஜிசிசி 11. கர்னலைக் கட்டியபோது கம்பைலருக்குக் கொடுத்த கட்டளைகளே வெளி டிரைவருக்கும் போகும். அவற்றில் ஒன்று, மதிப்பு கொடுக்காமல் விட்ட உள் மாறிகளைத் தானாகப் பூஜ்யமாக்கச் சொல்வது. நினைவகத்தில் தங்கிய பழைய தகவல் கசியாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஜிசிசி 12-இல்தான் இது சேர்ந்தது. ஜிசிசி 11-க்கு இது புரியாது, அங்கேயே நின்றுவிடும்.

இதுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

டிகேஎம்எஸ் எழுதிவைக்கும் 'மேக் லாக்' கோப்பைத் திறங்கள். கர்னலைக் கட்டிய கம்பைலர் வேறு என்ற எச்சரிக்கையும், அதன் கீழே 12.3, 11.4 என இரண்டு எண்களும் இருக்கும். எச்சரிக்கை மட்டும் வந்து டிரைவர் தயாராகிவிட்டால் கவலை வேண்டாம். 'அன்ரெகக்னைஸ்டு' என்ற பிழை வரி இருந்தால் சிக்கல் இதுவே.

நெட் இல்லாமல் ஜிசிசி 12-ஐ எப்படி இறக்குவது?

ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். அதற்கான டிரைவர் கர்னலிலேயே உண்டு. ஆப்ட் மூலம் ஜிசிசி-12-ஐ நிறுவி, டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கட்டளையை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிரைவரைக் கையால் 'மேக்' செய்பவர்கள், சிசி என்ற மாறிக்கு ஜிசிசி-12 என்று கொடுக்க வேண்டும்.

இது புதுச் சிக்கலா?

இல்லை. கம்பைலர் பொருந்தாத தொல்லை முன்பே உண்டு. ஜிசிசி 2.95-இல் இருந்த ஒரு பிழைக்காக, ஒற்றைப் பிராசசர் கர்னலின் 'ஸ்பின்லாக்' அமைப்புக்குள் ஓர் எண்ணை இட்டு நிரப்பினார்கள். ஜிசிசி 3-இல் அதே அமைப்பு காலி. ஒன்றில் கட்டிய கர்னலில் மற்றதில் கட்டிய நெட்வொர்க் டிரைவரை ஏற்றினால், ஒரே தகவலை இரண்டும் வெவ்வேறு இடத்தில் தேடும். அதனால்தான் ஆரம்பகால 2.6 கர்னல்கள் ஜிசிசி எண்ணையும் சரிபார்த்தே டிரைவரை உள்ளே விட்டன.

சாதாரண மக்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அவசியம் வேண்டும். லினக்ஸ் போன்ற சுதந்திர மென்பொருள் நம் ஊருக்கு அந்நியமும் அல்ல. இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20 அன்று தொடங்கப்பட்டது இதே திருவனந்தபுரத்தில். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள். லினக்ஸில் எந்தக் கோளாறுக்கும் காரணம் நாம் திறந்து படிக்கும்படி இருக்கிறது. அடாப்டரைத் தூக்கிப் போடுவதற்கும் கணினியை ஃபார்மேட் செய்வதற்கும் முன்னால், அந்த 'மேக் லாக்' கோப்பைத் திறந்து இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.