ஓடுவதற்கு மட்டும் ஒரு ஆள்

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு 'பெஞ்ச்' என்றால் என்னன்னு விளக்க வேண்டியதில்லை. பழைய ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, புதுசு வரவில்லை, சம்பளம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. 2015 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காலை ஐந்தரைக்கு எழுந்து, அமெரிக்காவில் இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் பெயர் ஸ்கோர் பட்டியலில் வருதான்னு தேடுவேன். அவர் பெயர் டெரன்ஸ் கோர். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணி.

இந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது? அதற்கு முந்தைய வருடம் கான்சாஸ் சிட்டிக்குப் பக்கத்தில் ஓவர்லாண்ட் பார்க்கில் ஆன்சைட் இருந்தேன். ராயல்ஸ் 1985க்குப் பிறகு, அதாவது 29 வருடம் கழித்து, சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றிருந்தது. ஊரே நீலச் சட்டையில் திரிந்தது. செப்டம்பர் 30 அன்று ஓக்லாந்து அணியோடு ஒரே ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போகணும்.

எட்டாவது இன்னிங்ஸில் ராயல்ஸ் 3-7 என்று பின்தங்கியிருந்தது. ரெண்டு ரன் எடுத்து 5-7க்கு வந்தபோது முதல் பேஸில் பில்லி பட்லர் நின்றார். நல்ல அடிகாரர், ஆனால் ஓட்டம் ரொம்ப மெதுவு. அவரை வெளியே அழைத்து, ஐந்தடி ஏழங்குல 23 வயதுப் பையனை உள்ளே அனுப்பினார்கள். கிரிக்கெட்டில் நாம் பார்த்த ரன்னர் மாதிரி இல்லை இது. பேஸ்பாலில் ஒரு தடவை வெளியே வந்தவர் அந்த ஆட்டத்தில் திரும்ப ஆட முடியாது. கோர் எதற்கு வந்திருக்கிறார் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிட்சருக்கும் தெரியும். இருந்தும் ரெண்டாவது பேஸைத் திருடினார். ராயல்ஸ் அன்றைக்கு மொத்தம் 7 பேஸ் திருடி, 12 இன்னிங்ஸில் 9-8 என்று ஜெயித்தது. கோர் ரன் எடுக்கவில்லை, மூன்றாவது பேஸ் வரை போய் நின்றுவிட்டார். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு அவர்தான்.

இந்தத் 'திருட்டு' கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு பேஸிலிருந்து அடுத்ததுக்கு 90 அடி. பிட்சர் கையை அசைக்க ஆரம்பித்து பந்து கேட்சரிடம் போக சுமார் 1.3 விநாடி. கேட்சர் அதைப் பிடித்து ரெண்டாவது பேஸுக்கு எறிய சுமார் 2 விநாடி. ஆக ஓடுபவருக்கு இருப்பது 3.3 விநாடி. முன்கூட்டியே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றால்தான் கட்டுப்படியாகும். ரொம்பத் தள்ளி நின்றால் பிட்சர் முதல் பேஸுக்கே எறிந்து அவுட் ஆக்கிவிடுவார்.

மாட்டிக்கொண்டால் நஷ்டமும் பெரிசு. கிடைப்பது ஒரு பேஸ். போவதோ ஓடும் ஆளும் ஒரு அவுட்டும். ஆகவே சுமார் 70 விழுக்காடாவது தப்பித்தால்தான் முயற்சி பண்ணுவதில் லாபம் என்பது இந்தத் துறையின் பொதுவான கணக்கு. கோர் 80க்கு மேல் வைத்திருந்தார். அதுவும் எதிரணி அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது.

ஆனால் பேட் பிடிக்க வராது. 2011 டிராஃப்டில் 20வது சுற்றில் எடுக்கப்பட்ட பையன். மேஜர் லீகில் முதல் நாலு சீசனில் ஒரு ஹிட்கூட கிடையாது. முதல் ஹிட் வந்தது 2018 செப்டம்பரில், சிகாகோ கப்ஸ் அணிக்காக. எறிந்தவர் மேக்ஸ் ஷெர்சர், மூன்று முறை சை யங் விருது வாங்கியவர்! அன்று நான் ஆபீஸில் தனியாகச் சிரித்ததைப் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

இவரைப் பின்தொடர்ந்ததில் நான் லேட்டாகப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் எல்லா ரசிகர்களையும் போல, 'பையன் அடிக்கக் கத்துக்கிட்டா போதும், நிரந்தர இடம் கிடைச்சிடும்' என்றுதான் நினைத்தேன். 2019ல் ராயல்ஸுக்கே திரும்பி வந்து, 37 ஆட்டத்தில் .275 என்ற சராசரியில் அடித்தார். அவர் வாழ்க்கையிலேயே நல்ல சீசன். ஜூலையில் அவரை யாங்கீஸுக்கு விற்றுவிட்டார்கள், ஆளுக்கு ஆள்கூட இல்லை, வெறும் பணத்துக்கு. யாங்கீஸ் மைனர் லீகிலேயே வைத்துக்கொண்டது.

அன்றைக்குக் கோபம் வந்தது. அப்புறம் பட்டியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ராயல்ஸ் அந்த வருடம் 103 ஆட்டம் தோற்ற அணி. கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன்னைத் திருடிக் கொடுக்கும் ஆள், ஜெயிக்கும் நிலையில் இருக்கும் அணிக்குத்தான் தேவை. ஆறு ரன் பின்னால் நிற்கும் அணிக்கு அவரால் என்ன பயன்? இந்த வேலைக்கான தேவை அவர் பேட்டிங்கில் இல்லை, அணி நிற்கும் இடத்தில் இருந்தது. 2020ல் டாட்ஜர்ஸ் அவரை ரெண்டே ஆட்டத்துக்கு இறக்கியது. 2021ல் அட்லாண்டா பிரேவ்ஸ், சீசனில் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடாதவரை அக்டோபர் பட்டியலில் சேர்த்தது. ரெண்டு அணியும் அந்தந்த வருடம் உலகத் தொடரை வென்றன. 2015 ராயல்ஸையும் சேர்த்தால் மூன்று அணி, மூன்று மோதிரம்.

இதற்கு விதிகளும் இடம் கொடுத்தன. 2019 வரை செப்டம்பரில் அணியில் 40 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், அதனால் ஓடுவதற்கென்று ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. 2020லிருந்து அது 28 ஆகக் குறைந்துவிட்டது.

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொள்வதற்கு விலையும் உண்டு. 2018 அக்டோபரில் கொலராடோவுக்கு எதிராக, எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸின் முக்கிய அடிகாரர் ஆந்தனி ரிசோவுக்குப் பதில் ஓட வந்த கோர், ஒரு பேஸ் திருடி, சமன் செய்யும் ரன்னை எடுத்தார். ஆனால் ஆட்டம் 13 இன்னிங்ஸுக்கு இழுத்தது. ரிசோ பேட் பிடிக்க வேண்டிய இடத்தில் கோர் நின்றார். கப்ஸ் 1-2 என்று தோற்றது.

மேஜர் லீகில் அவர் அடித்தது மொத்தம் 16 ஹிட், திருடியது 43 பேஸ். இதில் இன்னொரு கணக்கும் இருக்கு. மேஜர் லீக் பட்டியலில் மொத்தம் 43 நாள் இருந்தால் ஒரு ஆட்டக்காரருக்கு ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். ஆடினாரா என்பது கேள்வி இல்லை, பட்டியலில் இருந்தாரா என்பதுதான். பெஞ்சில் உட்கார்ந்த நாளும் வேலை நாள்தான்.

2015 உலகத் தொடர் பட்டியலில் கோர் பெயர் இல்லை. அந்த இடம் ரவுல் மொண்டெசி என்ற 20 வயதுப் பையனுக்குப் போனது. நவம்பர் 2, திங்கட்கிழமை. ராயல்ஸ் கோப்பையை வென்றபோது சென்னையில் வெயில் ஏறிவிட்டது. நான் ஆபீஸ் கேன்டீனில், செய்ய வேலை எதுவும் இல்லாமல், போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடாத ஒருவருக்காக எதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு அன்றைக்குத் தெரியவில்லை. என்னை யாரும் கூப்பிடாததற்குக் காரணம் எனக்கு வேலை தெரியாததுதான் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். 2019 ஜூலைக்குப் பிறகுதான் அந்த எண்ணம் கொஞ்சம் விட்டது.