ஏழை வீட்டின் பெரிய சூப்

இத்தாலி ஐரோப்பாவில் உள்ள ஒரு நாடு. அங்கே உழவர் வீடுகளில் ஒரு காய்கறி சூப் செய்வார்கள். அதன் பெயர் மினஸ்ட்ரோனே. "பெரிய சூப்" என்பது அதன் பொருள்.

ஏன் பெரிய சூப்? காய், கீரை, பீன்ஸ் கொட்டை, கோதுமை எல்லாம் அதில் உண்டு. அது ஒன்றே ஒரு வேளைச் சாப்பாடு.

அந்தக் காலத்தில் ஏழைகளுக்கு இறைச்சி எட்டாத பொருள். ஆனால் வயலில் உழைக்க வலு வேண்டுமே! அந்த வலுவைப் பீன்ஸ் கொட்டை தந்தது. கொட்டையும் கோதுமையும் சேர்ந்தால் நல்ல புரதச்சத்து கிடைக்கும். நம் பருப்புச் சோறும் அப்படித்தான்.

எப்படிச் செய்வது? நான்கு பேருக்கு அளவு சொல்கிறோம்.

உலர்ந்த பீன்ஸ் கொட்டை 150 கிராம் எடுங்கள். இரவே ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதிய தண்ணீரில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகட்டும்.

கவனம்! ராஜ்மா போன்ற கொட்டை அரைவேக்காடாக இருந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 1. இவற்றைப் பொடியாக நறுக்குங்கள். அங்கே ஆலிவ் எண்ணெயில் வதக்குவார்கள். சிறு தீயில் 10 நிமிடம் வதக்க வேண்டும். சூப்பின் மணமே இதில்தான் இருக்கிறது.

அடுத்து உருளைக்கிழங்கு 2, தக்காளி 3, வெந்த கொட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேருங்கள். தக்காளியை ஏன் முதலிலேயே போடவில்லை? புளிப்பு சேர்ந்தால் கொட்டை வேகாது. புளி சேர்த்தால் பருப்பு வேகாது அல்லவா? அதுபோலத்தான்.

அரை மணி நேரம் கழித்து முட்டைக்கோசும் உப்பும் போடுங்கள். கடைசியில் 100 கிராம் பாஸ்தா போடுங்கள். பாஸ்தா என்பது கோதுமையில் செய்த சேமியா போன்ற உணவு. அது வெந்ததும் இறக்குங்கள்.

மிலான் நகரில் பாஸ்தாவுக்குப் பதில் அரிசி போடுவார்கள். ஜெனோவா நகரில் துளசி இனத்து இலை ஒன்றைப் பூண்டுடன் அரைத்துச் சேர்ப்பார்கள். டஸ்கனி பகுதியில் மீந்த சூப்பில் காய்ந்த ரொட்டியைப் போட்டு, மறுநாள் மறுபடி கொதிக்க வைப்பார்கள். எதுவும் வீணாகாது.

இந்தச் சூப்புக்கு இன்ன காய்தான் என்ற சட்டம் இல்லை. இருப்பதைப் போடலாம். உங்கள் வீட்டில் இன்று என்ன காய் மீந்திருக்கிறது?