கூத்தும் ஊரின் பெயரும்

ஒரு நகரின் பெயரை உலகறியச் செய்வதில் மலைகளுக்கும் மாளிகைகளுக்கும் உள்ள பங்கு அதன் நாடக அரங்குகளுக்கும் உண்டு. நியூயோர்க்கின் பிரோட்வேயில் 'த பான்டம் ஒஃப் த ஒபரா' என்ற இசைநாடகம் 1988 முதல் 2023 வரை மேடையேறியது. அதனைக் காண வந்தவர்கள் நுழைவுச்சீட்டுக்கு மட்டும் பணம் செலவிடவில்லை. அந்நகரில் தங்கினர், உண்டனர், கடைவீதிகளில் பொருள் வாங்கினர், ஊர் திரும்பி அதைப் பற்றிப் பேசினர். அரங்கு ஊருக்கு விளம்பரமாவது இவ்வாறே.

இதற்குப் பெருநகரம்தான் வேண்டும் என்பதில்லை. ஜேர்மனியின் மலைக்கிராமமான ஒபராமர்கவ்வில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 5,000 பேரே. 1633இல் கொள்ளைநோய் பரவியபோது செய்த நேர்த்திக்கடனை நிறைவேற்ற, 1634 முதல் இயேசுவின் பாடுகளை இசையுடன் அவர்கள் நடித்து வருகின்றனர். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் இந்நாடகம் பெருந்தொற்றினால் 2020இலிருந்து 2022க்குத் தள்ளிவைக்கப்பட்டது. நடிப்போர் அவ்வூரவரே, காண விரும்புவோர் அவ்வூருக்கே செல்ல வேண்டும். அதன் புகழுக்கு அடிப்படை இதுவே.

நமது மலையகத்திற்கும் இத்தகைய செல்வம் உண்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவை தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் ஆடலும் பாடலும் கலந்த அரங்குகள். மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்தில், ரதியும் மன்மதனும் தப்பொலியுடன் லயம் லயமாக வலம் வருவர். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும், ரதியின் புலம்பலும் இரவிரவாக நிகழும். கொழும்பில் தொழில்புரியும் இளைஞர்களும் இதற்காகத் தோட்டத்திற்குத் திரும்புவதுண்டு.

மாசி மாதம் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்திற்குள் அடங்குவது கவனிக்கத்தக்கது. டிசம்பர் முதல் மே வரை பௌத்தர்களும் இந்துக்களும், அதனைப் பாவா ஆதம் மலையெனப் போற்றும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக ஹற்றனைக் கடந்து செல்கின்றனர். அருகிலுள்ள தோட்டங்களில் கூத்து நடைபெறும் நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுமாயின், அவர்களில் ஒரு பகுதியினரேனும் ஓர் இரவு தங்கிச் செல்வர். அதன் பயன் ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் தமிழ், முஸ்லிம், சிங்கள வணிகர் அனைவரையும் சேரும்.

ஆயினும் இங்கு ஓர் அபாயமும் உண்டு. கூத்தைக் கால்மணி நேரமாகச் சுருக்கி விடுதி முற்றத்தில் காட்டுவது எளிது. அப்போது வருவாய் விடுதிக்குச் சேரும்; தோட்டத்தின் பெயரோ எவருக்கும் தெரியாமற் போகும். கொழுந்துக் கூடையுடன் படங்களில் மட்டும் காட்டப்பட்டு வந்த மக்கள், மற்றொரு காட்சிப் பொருளாவதே மிஞ்சும்.

கூத்தாடுபவர்களில் பலர் நாட்சம்பளத் தொழிலாளர்கள். இரவு முழுவதும் ஆடி, மறுநாள் வேலைக்குச் செல்லாவிடின் அவர்களுக்கு அன்றைய 'பேர்' இல்லை. ஊருக்குப் பெயர் தேடித் தருபவர் தமது பேரை இழப்பது நியாயமாகாது. கூத்து நாட்களைப் பிரதேச சபைகள் நாட்காட்டியாக வெளியிட வேண்டும். கலைஞருக்கு உரிய கொடுப்பனவும், தோட்டப் பாதைகளுக்குத் திருத்தமும், வருவோர் தங்க வசதியும் வேண்டும். கூத்தை எவ்வாறு நடத்துவது என்ற தீர்மானம் மட்டும் தோட்ட மக்களின் கையிலேயே இருக்கட்டும்.

மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவானதை 2023இல் நினைவுகூர்ந்தோம். தேயிலையால் உலகறிந்த இம்மலைகள், அதனைப் பயிரிட்டவர்களின் கலையாலும் அறியப்பட வேண்டும்.