புதியதைச் செய்யும் துணிவு அரசு ஊழியருக்கு எப்படி வருகிறது?

நடந்துவரும் வேலையை மக்களுக்கு அலைச்சல் குறையும்படி மாற்றிச் செய்வதே அரசுப் பணியில் புதுமை. அதற்கு மூன்று படிகள் உண்டு. ஊழியருக்கு யோசனை தோன்ற வேண்டும். மேலதிகாரி அதை ஏற்க வேண்டும். பிறகு அது அன்றாட நடைமுறையாக வேண்டும். முதல் படிக்குப் பஞ்சமில்லை. உத்திரமேரூர் போன்ற ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் எந்தக் குழாய் அடிக்கடி உடைகிறது, எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தேங்குகிறது என்பது ஊராட்சிச் செயலருக்கும் இளநிலை உதவியாளருக்கும் அத்துப்படி. பெரும்பாலான யோசனைகள் இரண்டாம் படியில்தான் நின்றுவிடுகின்றன.

தடை எங்கே?

கோப்பில் முதலில் எழும் கேள்வி, ‘இதற்கு முன்மாதிரி உண்டா?’ என்பது. புதிதாகச் செய்தது பிசகினால் தணிக்கைத் தடை வரும், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். பெரிய தவறாகக் கருதப்பட்டால் தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதி 17(பி)யின்கீழ் குற்றச்சாட்டு. அது முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் இடம்பெறுவது கடினம். எதையும் மாற்றாமல் இருப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

சட்டமும் இந்த அச்சத்தை வளர்த்தது. ஒரு முடிவால் தனியாருக்குப் பொதுநலன் இல்லாத ஆதாயம் கிடைத்தால், தீய நோக்கம் இல்லாத அதிகாரியும் சிக்கிக்கொள்ள ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13(1)(டி) பிரிவு இடம் தந்தது. 2018 திருத்தம் அதை நீக்கியது. அலுவல் முடிவுகள் பற்றிய விசாரணைக்கு முன் அனுமதி வேண்டும் என்ற 17ஏ பிரிவும் அப்போது சேர்ந்தது. நேர்மையான பிழையையும் மோசடியையும் வேறுபடுத்திப் பார்ப்பதே ஊழியருக்குத் தரக்கூடிய முதல் ஊக்கம்.

கணக்கில் கண்டிப்பு, முறையில் நெகிழ்வு

இந்த வேறுபாட்டுக்குப் பழைய சான்று உத்திரமேரூரிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. முதலாவது 919ஆம் ஆண்டு வாக்கிலும், அடுத்தது 921 வாக்கிலும் வெட்டப்பட்டவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றுக்குக் குடவோலையால், அதாவது குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளை இட்டுக் குலுக்கி, ஆள் எடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. முதல் விதி உறுப்பினருக்கு 30 முதல் 60 வயது என்றது. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆனது. குடவோலை எடுக்கும் முறையும் விரிவாக எழுதப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் மறுபடி இடமில்லை. அந்த வாரியங்களில் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. இன்றைய மக்களாட்சியோடு அந்த முறையை ஒன்றாகக் கருத முடியாது. ஆனாலும் கணக்கில் விட்டுக்கொடுக்காமல், சரிவராத முறையை எல்லோரும் பார்க்கும்படி திருத்தி எழுதிய நிர்வாக அறிவு அதில் தெரிகிறது.

வட்டமாக உட்கார்ந்த பொறியாளர்கள்

இரண்டாவது ஊக்கம், மேலதிகாரி முன் தயங்காமல் பேசும் சூழல். 1971இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், 2000-களின் முற்பகுதியில் இதை முயன்று பார்த்தது. ‘கூடம்’ என்ற பெயரில் நடந்த கூட்டங்களில் தலைமைப் பொறியாளர் முதல் இளநிலைப் பொறியாளர் வரை பதவி வரிசை பாராமல் வட்டமாக அமர்ந்தார்கள். தங்கள் திட்டங்கள் ஏன் ஊர்களில் நிலைக்கவில்லை என்று அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மறைமலைநகரில் ஒரு பிரகடனமும் உருவானது. பிறகு கிராம மக்களோடும் அதேபோல் அமர்ந்தார்கள். புதுத் திட்டம் போடுவதைவிட இருக்கும் குழாயையும் கிணற்றையும் சீரமைத்தால் செலவு குறையும் என்ற முடிவு அப்படிப் பேசியதில் கிடைத்தது. தன் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்பதை நேரில் காணும் ஊழியர் மாற்றத்தைத் தானே தேடுவார். பொதுப்பணி மீதான இந்தப் பற்றை 1990இல் ஜேம்ஸ் பெர்ரி, லோயிஸ் வைஸ் என்ற அமெரிக்க அறிஞர்கள் தனி ஊக்கமாகவே வரையறுத்தார்கள்.

யோசனை நிலைக்க

புதுமையைத் தொடங்கிய அதிகாரி இடமாற்றம் ஆனதும் பல முயற்சிகள் அவரோடு போய்விடுகின்றன. இதற்கு மாற்று, அமைப்பையே மாற்றுவது. 1994இல் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலை ஓரிடத்தில் சேர்த்தது; மாவட்டக் கிடங்குகளை அமைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்தது. எடுத்த மருந்தும் மீதமுள்ள ஒதுக்கீடும் அதில் பதிவாகும். அதிகாரிகள் மாறினாலும் பாஸ்புக் மாறவில்லை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதைப் போன்ற கழகங்களைத் தொடங்கின.

பணமும் பாராட்டும் பயிற்சியும் இவற்றுக்குத் துணை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் நல் ஆளுமை விருது இருக்கிறது. மத்திய அரசு 2020இல் ஒப்புதல் அளித்த கர்மயோகி இயக்கம் ஊழியர்களுக்கு இணையவழிப் பயிற்சி தருகிறது. ஆனால் விருது பெரும்பாலும் ஆட்சியரோடு நின்றுவிட்டால், யோசனை சொன்ன கடைநிலை ஊழியருக்கு ஊக்கம் எதுவும் மிஞ்சாது. யோசனை சொன்னவரின் பெயர் கோப்பில் பதிவாக வேண்டும். ஓர் ஒன்றியத்தில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க அனுமதியும் சிறு நிதியும் வேண்டும். பலன் தந்தால் அரசாணையாகவும், தராவிட்டால் தண்டனை இல்லாத பாடமாகவும் அது முடிய வேண்டும்.